கேசட்டில் மிச்சமிருந்த இடம்

ஒரு பழைய படத்தைப் பற்றி, முதலிலிருந்து கடைசிவரை ஒரு பாட்டுகூடச் சோடைபோகாத படம் என்று மனைவியிடம் எத்தனையோ வருடமாகச் சாதித்துவந்தேன். சுங்காய் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், அப்பா ஈப்போ டவுன் கடையில் பதிவுசெய்து வாங்கிவந்த கேசட்டில் கேட்ட பாட்டுகள் அவை. நேற்று பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து அவளோடு காரில் வரும்போது, அந்தப் படத்துப் பாட்டுகளைப் போனில் போட்டேன். ஐந்தாவதோடு நின்றுவிட்டது. எனக்கு உயிரான ஆறாவது பாட்டு வரவேயில்லை.

“கேசட்டுல இடம் மிச்சமிருந்தா கடைக்காரங்க வேற படத்துப் பாட்டப் போட்டு ரொப்பிருவாங்க லா. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள்.

தெரியாது. எந்தப் படமென்றும் தெரியாது. மெட்டு மட்டும் தலைக்குள் ஓடுகிறது, ஒரு வார்த்தை வரவில்லை. கேசட்டையோ, வீடு மாறும்போது நானேதான் குப்பையில் போட்டேன், எல்லாம் போனில் இருக்கிறதே என்று.