டீக் ஹை, சாப்!

என் கணவரின் வியாதிக்கு ஒரு பெயர் வைப்பதற்கே ராணுவத்துக்குப் பல மாதங்கள் பிடித்தன. பதற்ற நோய் என்றார்கள். எழுபத்தொன்றாம் வருடச் சண்டை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை யார் கேட்டார்கள்?

பட்டாளம் அவரை அனுப்பிவிட்டது. டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூன் வேலை கிடைத்து, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சண்டைக் காலத்து இருட்டடிப்புக்காக முன்பு குடியிருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதம் அப்படியே இருந்தது. நான் சுரண்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். பட்டப்பகலில் லைட் போட்டுச் சமைத்தேன். பஸ்ஸில் பின்னால் யாராவது நெருங்கி நின்றால் போதும், வியர்த்துக் கொட்டி நடுவழியில் இறங்கிவிடுவார்.

டிசபிலிட்டி பென்ஷனுக்கு மனுப் போட்டோம். மெடிக்கல் போர்டில் டாக்டர்கள் பார்த்தார்கள். பதில் இங்கிலீஷில் வந்தது. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘கான்ஸ்டிட்யூஷனல்’ என்று ஒரு வார்த்தை. அது அவளுடைய குடிமையியல் பாடத்தில் வந்த வார்த்தை.

“அம்மா, அப்பாவோட வியாதி அரசியலமைப்புச் சட்டத்துலயே இருக்குதாம்!”

சட்டத்திலேயே இருக்கிறதென்றால் யார் மறுக்க முடியும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடி, தேங்காயும் வெல்லமும் வாங்கிவந்து பாயசம் வைத்தேன். மத்திய சர்க்கார் ஆபீஸில் அசிஸ்டென்டாக இருந்த எதிர்வீட்டுத் தமிழ்க்கார சாருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனேன். பாதி குடித்தபடி கடிதத்தைப் படித்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இது அந்தக் கான்ஸ்டிட்யூஷன் இல்லேம்மா. உடம்புவாகுன்னு அர்த்தம். பிறவியிலேயே இருக்கற கோளாறாம். பட்டாளத்துல வந்தது இல்லே, அதனால பென்ஷன் கிடையாதுன்னு எழுதியிருக்கா.”

பிறவியிலேயேவா? ஆளெடுக்கும்போது மாடு பிடிப்பதுபோல மார்பை அளந்து, பல்லைப் பார்த்து, ஓடவிட்டுத்தானே எடுத்தார்கள்? அப்போது தெரியாத பிறவிக் கோளாறு, திருப்பி அனுப்பும்போது மட்டும் எப்படித் தெரிந்தது? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பணம் வராவிட்டால் தொலையட்டும். பிறவிக் கோளாறு என்று சர்க்காரே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு என் மகளை எப்படிப் பார்ப்பார்கள்? அந்த ஒரு வார்த்தையை அடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

எதிர்வீட்டு சார் அப்பீல் எழுதிக் கொடுத்தார். மறுபடி போர்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் என் கணவருக்குப் பாடம் நடத்தினேன்.

“தூக்கம் வரலன்னு சொல்லுங்க. பஸ்ஸுல நெஞ்சு அடிச்சிக்குதுன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

போகிற அன்று தானாகவே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவரை உள்ளே அழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சல்யூட் வைத்து ஷூக்கள் ஒன்றோடொன்று அடிக்கும் சத்தம் கேட்டது. டாக்டரும் ஒரு ராணுவ ஆபீஸர்தானே.

“கைஸே ஹோ, ஜவான்?”

“டீக் ஹை, சாப்!”

எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டதற்கு, நன்றாக இருக்கிறாராம்! தூக்கம் எப்படி என்று கேட்டார். டீக் ஹை, சாப். பயம் ஏதாவது? டீக் ஹை, சாப். அவ்வளவு கணீரென்ற குரலை வீட்டில் நான் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

“ஜூட் போல்தா ஹை, சாப்! ராத் பர் ஸோதா நஹீ!”

பொய் சொல்கிறான், ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று கத்தினேன். என் இந்தியில் புருஷனுக்கு மரியாதை கிடையாது. இவள் சொல்வது உண்மையா என்று டாக்டர் அவரைக் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“டீக் ஹை, சாப்!”

என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். பஸ்தான் ஆகாதே. வழி நெடுகத் திட்டினேன்.

“இன்னாத்துக்குங்க அப்படிச் சொன்னீங்க? பொண்ண நெனச்சிப் பாத்தீங்களா?”

குவார்ட்டர்ஸ் நெருங்கியபோதுதான் நடையைத் தளர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சண்டையில பங்கருக் குழிக்குள்ள சாப் வந்து ஒவ்வொருத்தனையா கேப்பாரு. எல்லாரும் டீக் ஹைன்னுதான் சொல்லணும். ஒருத்தன் இல்லன்னு சொன்னாலும் மத்தவனுக்குப் பயம் வந்துடும்.” கொஞ்ச தூரம் நடந்தார். “எம் பக்கத்துல வயித்தப் புடிச்சிக்கினு கெடந்தவன்கூட அதத்தான் சொன்னான். அதுக்கப்புறம் அவன் பேசல.”

இதை அங்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்பீலும் தள்ளுபடியானது. அதே வார்த்தையைத்தான் திரும்பவும் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு, நன்றாக இருக்கிறீர்களா என்று அவரைக் கேட்பதையே விட்டுவிட்டேன். உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.