பெயரை மட்டும் மாற்றினேன்

நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தபோது, என் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். "புள்ளிவிவரமெல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா உயிர் இல்ல. யாராவது ஒரு பிள்ளையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்" என்றார் அந்த அதிகாரி. சரி சார் என்றேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து பயப்படுவது என் வழக்கம்.

தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் எங்கள் மையம் நடக்கிறது. பள்ளியை விட்டு நின்றவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள், ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியவர்கள் என்று, பதினைந்திலிருந்து இருபது வயது வரையுள்ள பிள்ளைகள் சாயந்திரம் வருவார்கள். தையல், கம்ப்யூட்டர், விட்டுப்போன பரீட்சைக்குப் பாடம். நிதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாடிக்குப் பூட்டுதான். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதால் விண்ணப்பம் என் தலையில் விழுந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதினேன். கடலோர ஊர்க்காரி. தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதென்று முடிவாகி, முகூர்த்தப் புடவை எடுத்து வந்த அன்றைக்கே பள்ளிக்கூடப் பையோடு பஸ் ஏறி, கீழ்வேளூரில் வண்டி மாறி வந்து இறங்கியவள். அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. பகலில் ஜவுளிக்கடையில் வேலை, சாயந்திரம் எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அவளை இழுத்து வராமல் விடமாட்டேன் என்று மாமன் ஊர் நடுவில் நின்று சொல்லியிருந்தானாம்.

விண்ணப்பத்தில் அவள் பெயரை மாற்றினேன். ஊரை எடுத்துவிட்டேன். பிறகு, கதை வறண்டு கிடக்கிறதே என்று, அவள் சொன்ன ஒன்றைச் சேர்த்தேன். கிழிந்த வலையை அவள் இடது கையால் தைப்பாள், முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், அதைப் பிரிக்க அவளையே கூப்பிட வேண்டும் என்று அப்பா திட்டுவார். இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது இதுவல்ல, இதைப் போன்ற வேறொன்று. ஊர், பஸ், கடை எல்லாவற்றையும்கூட இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வரியை எழுதிவிட்டு, எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒப்புதல் படிவம் இங்கிலீஷில் இருந்தது. "உன்னைப் பத்தி எழுதறேன், பேர் வராது" என்றேன்.

"எழுதுங்கக்கா. நல்லா படிக்கிறேன்னு போடுங்க, பொய்யா இருந்தாலும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இணையத்தில் வெளியிடலாம் என்ற வரியை நான் படித்துச் சொல்லவில்லை. அவசரமா, அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமா? இன்றும் எனக்குத் தெளிவில்லை.

நிதி வந்தது. மையத்தில் கேசரி கிண்டினோம். இரண்டு வாரம் கழித்து அதிகாரி ஒரு லிங்க் அனுப்பினார். அவர்களுடைய முகநூல் பக்கத்தில் என் கதை, தமிழில், ஓவியத்தோடு, தஞ்சாவூர் மையம் என்ற குறிப்போடு. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இது எங்க ஊர்ப் பொண்ணாச்சே."

அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் பக்கம் பெயரையும் தெருவையும் மறைத்தால் ஆளையே மறைத்த மாதிரி. கடலோரத்தில் ஒரு முடிச்சைப் பார்த்தே யார் போட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் மையத்தின் இயக்குநரிடம் ஓடினேன். "பேர்தான் மாத்தியாச்சே, ஏன் இப்படிப் பதறுறீங்க? இப்பதான் பணம் வந்திருக்கு. எடுங்கன்னு சொன்னா தப்பா நெனைக்க மாட்டாங்களா?" என்றார். நானும் கொஞ்ச நேரம் அதை நம்பப் பார்த்தேன். மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள்தானே நான். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சைக்கிள் கடை வாசலில் கைலி கட்டிய ஒருவர் மாடியைப் பார்த்தபடி நின்றிருந்தார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவராகவும் இருக்கலாம். அவர் போகும்வரை நான் நகரவில்லை.

பிறகு அதிகாரியை அழைத்தேன்.

"நல்லா ஓடிட்டிருக்கு மேடம். மேல கேட்டுத்தான் எடுக்கணும். நாளைக்குப் பார்க்கலாமே."

"நாளைக்கு வேண்டாம் சார், இப்பவே எடுங்க. இல்லேன்னா இந்த நிதியே வேண்டாம்னு எழுதித் தந்துடறோம்."

அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? எதிரில் இருந்த இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குப் பதிவை எடுத்தார்கள். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். படிவத்தில் நான் படித்துச் சொல்லாத வரி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அதைப் போயா எழுதினீங்க?" என்றாள். பையைக் கீழே வைக்காமலே, "எங்க மாமன் ஃபேஸ்புக்லயேதான் கெடப்பான்" என்றாள்.

"போலீஸ்ல சொல்லி வைக்கலாம்மா. நான் கூட வர்றேன்."

"சொல்லலாங்க்கா. அவங்க அவனைக் கூப்பிட்டுப் பேசுவாங்க. அப்ப நான் இங்கதான் இருக்கேன்னு அவனுக்கு உறுதியாயிடும்ல?"

கையில் எடுத்திருந்த போனை மேசையில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாளில் வேறொரு நகரத்துக்குப் போனாள். என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி அங்கே விடுதி பார்த்துக் கொடுத்தாள். பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. புத்தகங்களை எடுத்துக்கொண்டாளா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஆறு மாத அறிக்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: தொடர்கிறார், வேலையில் சேர்ந்தார், இடையில் நின்றார். அவளுக்கு மூன்றாவதில் குறி போட்டேன். மறுநாளே அதிகாரி அழைத்தார்.

"என்ன மேடம், அந்தப் பொண்ணு நின்னுட்டாளா? அவளைத்தானே எல்லாரும் கேக்கறாங்க. இப்ப எங்க இருக்கா?"

"தெரியல சார்."

"வீட்டுக்கே திரும்பிப் போயிட்டாளோ?"

"தெரியல சார்."

தெரியல என்று நான் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். அவள் என்னை அழைப்பதில்லை. என் தோழியிடம் நான் விசாரிப்பதும் இல்லை. விசாரித்தால், அவள் இருக்கும் இடம் மறுபடியும் என் போனில் எழுத்தாக இருக்கும்.