கார்டில் கட்டிய கயிறு

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி சேற்றில் மாட்டாது என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயது, ஒழுங்காக வருமான வரி கட்டுகிறவன், இதை நம்பினேன். கூடவே இன்னொன்றையும் நம்பித் தொலைத்தேன்: வண்டியின் முகப்பில் மீசை மாதிரி மாட்டியிருந்த இரும்புக் கம்பி, அந்தக் கார்டு, யானையைக் கட்டினாலும் தாங்கும் என்று. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் அதை மாட்டித் தந்தவர் கையால் இரண்டு தட்டுத் தட்டி, "லாரியே வந்து இடிச்சாலும் லாரிக்குத்தான் சார் செலவு" என்றார். அந்தச் சத்தத்திலேயே விழுந்துவிட்டேன்.

அதுவரை அந்த வண்டி பார்த்த காடு மேடெல்லாம், பருத்திப்பட்டில் என் வீட்டுக்கும் அம்பத்தூரில் என் ஆபீசுக்கும் நடுவே இருக்கிற பள்ளங்கள்தான்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குத்தம்பாக்கம் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போனோம். என் வண்டியில் நானும் மனைவியின் தம்பியும். எதிர் வீட்டுக்காரர் தன் காரில். தார் ரோடு முடிந்த இடத்திலேயே அவர் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்துவேனா? ஏரியோ வயலோ, எதன் வாயிலோ லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடி, வெள்ளைக் கல் நட்டு வைத்திருந்தார்கள். மேலே பார்த்தால் காய்ந்த தரை. கீழே கேழ்வரகுக் கூழ். மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது, ரோட்டுக்கு இருபதடி இருக்கையில் வண்டி உட்கார்ந்தது.

"மாமா, மிதிக்காதீங்க" என்றான் மச்சான்.

மிதித்தேன். இருக்கிற பட்டனையெல்லாம் அழுத்தினேன். பதற்றத்தில் வைப்பரைக்கூடப் போட்டேன். மழை இல்லை. மிதிக்க மிதிக்க வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. கதவைத் திறந்தால் சேறு படிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்து வந்து ரோட்டு விளிம்பில் நிறுத்தி, ஒரு நைலான் கயிற்றை நீட்டினார். ஒரு முனை அவர் காரில். மறுமுனையை என் கார்டில் நானே நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கயிறு முறுக்காமல் பார்த்துக்கொள்ள மச்சானை அதன் பக்கத்தில், இரண்டு வண்டிக்கும் நடுவே நிறுத்திவிட்டு என் வண்டியில் ஏறினேன்.

பக்கத்து மனையில் மண் தள்ளிக்கொண்டிருந்த பொக்லைன் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து ஓடி வந்தார்.

"இன்னா சார், கார்டுல கட்டிகினு கீற? அது ஷோவுக்கு வெச்சது சார்! பிச்சிகினு வந்துச்சுன்னா எவன் மூஞ்சில போய் அடிக்கும்னு தெரியாது. நைனா, நீ இன்னாத்துக்கு நடுவுல நிக்கிற? அப்பால போ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றில் மாட்டியவனுக்கு முதலில் வருவது புத்தி இல்லை, ரோஷம்.

"யோவ், இது என் வண்டி. உன்னை யாருய்யா கூப்பிட்டா? மாப்ள, நீ நில்லு."

"மாமா, அவரு சொல்றது..."

"நில்லுங்கிறேன்ல!"

"வண்டி உன்னுது சார், ஒத்துக்கறேன். ஆளும் உன்னுதா?" என்றவர் மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "மாமன் பேச்சக் கேட்டுகினு நின்னன்னா ஊடு போய்ச் சேர மாட்ட. வாடா!" என்று தரதரவென்று இழுத்துப்போய்ச் செங்கல் குவியலுக்குப் பின்னால் தள்ளினார். நான் ஜன்னல் வழியே அவரைத் திட்டிக்கொண்டே எதிர் வீட்டுக்காரருக்குக் கை காட்டினேன்.

அவர் ஒரே மூச்சில் இழுத்தார்.

டமார் என்றது. நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் என் முகப்பில் மீசை இல்லை. அது கயிற்றோடு பறந்து, மச்சான் நின்ற இடத்தைத் தாண்டி, எதிர் வீட்டுக்காரர் காரின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தது. அவ்வளவு பெரிய கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவை சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத நாலு போல்ட். கடைக்காரர் தட்டியபோது நான் குனிந்து அடியில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்மேல் எனக்கே வந்த அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிறகு ஓட்டுநர் என்னைக் கேட்கவே இல்லை. மண்வெட்டியால் ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் சேற்றை வெட்டிச் சரிவாக்கினார். டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்.

"காத்த ஏன்யா புடுங்குற?" என்று அப்போதும் கத்தினேன்.

"டயரு பரந்தாத்தான் சார் மண்ணப் புடிக்கும். கம்முனு குந்து."

வண்டிக்கு அடியில், அதன் சட்டத்தோடு சேர்ந்தே வந்த கொக்கி ஒன்று இருந்தது. நான் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் பார்க்காத கொக்கி. தன் இயந்திரத்தை ரோட்டுப் பக்கம் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு தடித்த பெல்ட்டை அந்தக் கொக்கியில் மாட்டினார். அறுந்தாலும் பறக்காமல் இருக்க, என் வண்டிக்குள் கிடந்த கால்மிதிகளைப் பிடுங்கி அதன்மேல் போர்த்தினார். எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். பிறகு, தூங்குகிற குழந்தையை நகர்த்துவது போல இழுத்தார். வண்டி வந்துவிட்டது.

மச்சான் செங்கல் குவியலுக்குப் பின்னாலிருந்து முழுசாக எழுந்து வந்தான். அவனை அங்கே கொண்டுபோனவர் அந்த ஓட்டுநர். கயிற்றின் பக்கத்திலேயே நிற்கச் சொன்னவன் நான்.