பன்னிரண்டு மணி நிழல்

பாடம் காற்றில் வருவது செல்போனோடு வந்த அதிசயம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அறுபதுகளின் கடைசியிலேயே எங்கள் பள்ளிக்குப் பாடம் கடல் தாண்டி ரேடியோவில் வந்தது. மெட்ராஸிலிருந்து கப்பலில் மூன்று நான்கு நாள் தள்ளியிருக்கும் எங்கள் தீவில், சாத்தம் மரமில்லுக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில், தகரக் கூரை போட்ட தமிழ்ப் பள்ளி. நான் அங்கே அறிவியல் டீச்சர். ஆய்வுக்கூடம் கிடையாது. புத்தகம் கப்பலில் வந்து சேர்வதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். அந்த லட்சணத்தில் கல்வி அலுவலகம் ஒரு ரேடியோப் பெட்டியைத் தந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தந்தது இரவலாகத்தான். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். நாங்கள் அதைச் சும்மா வைத்திருப்பதாகத் தோன்றினால் வேறு பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஒரு பாடத்தையும் நான் விடவில்லை.

ஜனவரியில் ஒருநாள், மெட்ராஸிலிருந்து பேசிய ஆசிரியர் இரைச்சலுக்கு நடுவே கணீரென்று சொன்னார்: “முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அதன் நிழல் மிகக் குட்டையாக இருக்கும்.”

மறுநாளே நட்டோம். நிழலின் நுனியில் பிள்ளைகள் கூழாங்கற்களை வைத்துக்கொண்டே வந்தார்கள். பதினொன்றரை ஆவதற்குள் நிழல் குட்டையாகி, பன்னிரண்டு அடிக்கும்போது மறுபக்கம் நீள ஆரம்பித்திருந்தது. குச்சி கோணல் என்றான் ஒருவன். கடிகாரம் கோளாறு என்றான் இன்னொருவன். கடிகாரத்தைத் தினமும் ரேடியோ நேரம் பார்த்துத்தான் திருத்துவோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த மீனவர் வீட்டுப் பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“டீச்சர், ரேடியோ ஜூட் பேசுது!”

எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. பொய் என்பதைவிட ஜூட் என்பதுதான் வாயில் முதலில் வரும். “வாயை மூடு” என்று அதட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் நூலில் கல்லைக் கட்டித் தூக்குப் பார்த்து, நானே குச்சியை நேராக நட்டேன். நிழல் அவள் கட்சியில்தான் இருந்தது.

“ஏன் இப்படி?” என்று வகுப்பைக் கேட்டேன். அவள்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்தாள்.

“கிறிஸ்துமஸுக்கு மெயின்லேண்ட் போனோம்லா டீச்சர், அங்க அஞ்சரை மணிக்கு வெளுக்கவே இல்ல. இங்க அந்நேரம் வெளிச்சம் வந்துரும். சூரியன் மொதல்ல நம்மகிட்டதான் வருது. அப்ப உச்சிக்கும் நமக்குத்தான மொதல்ல வரணும்?”

நாங்கள் இருப்பது மெட்ராஸுக்கு வெகு கிழக்கே. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன் அதைப் பார்த்து நடப்பதில்லை. நான் எத்தனையோ முறை ஊருக்குப் போய் வந்தவள். எனக்கு இது தோன்றவில்லை.

தலைமையாசிரியர் காதுக்கு விஷயம் போனது. “ஆபீசர் முன்னாடி இதெல்லாம் வேணாம்மா. பன்னெண்டுன்னே சொல்லச் சொல்லுங்க. ரேடியோ தப்புன்னா, அப்ப உங்களுக்கு எதுக்குன்னு எடுத்துட்டுப் போயிருவாரு” என்றார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆபீசர் வந்தார். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அவருக்குத் தமிழ் தெரியும். நிழல் எப்போது குட்டையாகும் என்று அவளையே கேட்டார்.

“மெட்ராஸ்ல பன்னெண்டுக்கு சார். நம்மகிட்ட அதுக்கு முன்னாடியே.”

அவரை முற்றத்துக்கு அழைத்துப் போய்க் கூழாங்கல் வரிசையைக் காட்டினாள். அவர் கல்லைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலைமையாசிரியர் பயந்த கேள்வியையே கேட்டார்.

“அப்ப உங்களுக்கு ரேடியோ எதுக்கு?”

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். அவள் யோசிக்கவே இல்லை.

“கேக்கறதுக்கு சார். சரியான்னு நாங்க பாத்துக்கறோம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரேடியோ இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதையெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்றார்.

“யாரும் சொல்லிக் குடுக்கல சார். அவளே பாத்தா” என்றேன். என் உத்தியோகக் காலம் முழுவதிலும் இவ்வளவு கர்வத்தோடு நான் வேறெதையும் சொன்னதில்லை.