ஆங்கிலப் பந்தியில் பேன் பார்த்த வகுப்பு

1. முதல் நாளே பத்துக்குப் பத்து

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் முரசுமோட்டைப் பக்கத்துக் கொலனிப் பாடசாலை ஒன்றுக்கு. ஆங்கில உதவி ஆசிரியை. வயது இருபத்திரண்டு. பஸ்ஸால் இறங்கும்போது ஒரு கையில் தகரப் பெட்டி, மற்றக் கையில் குடை, தலைக்குள் பயிற்சிக் கலாசாலையில் படித்த முறைகள் அத்தனையும் இருந்தன. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் காலாவதியானது.

எஸ்.எஸ்.சி. சோதனைக்குப் போகும் வகுப்பில் பதினேழு பேர். எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு முதலில் ஒரு கொம்பிரிஹென்ஷன் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பந்தி, அதன்கீழ் பத்துக் கேள்வி. வாசித்து விளங்கி விடை எழுத வேண்டும். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் உறைந்துபோன குளத்தின்மேல் சறுக்கி விளையாடுகிறார், பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுகிறார், அவருடைய நாய் குரைத்து ஆள் கூட்டுகிறது. இதுதான் பந்தி.

கொப்பிகளைத் திருத்தினேன். பதினாறு பேருக்குப் பத்துக்குப் பத்து. ஒருவனுக்கு மட்டும் ஒன்பது. அவன் ஒரு முற்றுப்புள்ளியைத் தவற விட்டிருந்தான். அன்றைக்கே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்: "ஐயா, இங்கே இருப்பதெல்லாம் மேதைகள்."

அடுத்த நாள் காலை, சும்மா கதைக்கிற மாதிரி, கடைசி வாங்கில் இருந்த, அந்த ஒன்பது எடுத்த தர்முவைக் கேட்டேன்.

"தர்மு, அந்த மனிசனுக்கு என்ன நடந்தது?"

"எந்த மனிசன் ரீச்சர்?"

"நேற்றுப் பந்தியிலை வந்த மனிசன்."

தர்மு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். "பந்தியிலை மனிசனும் வந்தவரோ?"

"குளத்துக்கு மேலை ஓடினாரே, அவர்."

"குளத்துக்கு மேலையோ? இரணைமடுவிலையோ ரீச்சர்? அப்ப உவர் மனிசனில்லை."

வகுப்பு முழுவதும் தலையாட்டி ஆமோதித்தது. பத்துக்குப் பத்து எடுத்த பதினாறு பேரும்தான்.

2. முறை

எனக்கு விளக்கம் சொன்னவள் இராசமலர். வகுப்பில் முதலாம் பிள்ளை. அவள் ஒளிக்கவே இல்லை. என்னில் இரக்கப்பட்டு எழுந்து நின்றுதான் சொன்னாள்.

"பந்தியை வாசிக்கத் தேவையில்லை ரீச்சர். முதல்லை கேள்வியைப் பாக்கவேணும். அதிலை ஆகப் பெரிய சொல்லு எது எண்டு பிடிக்கவேணும். பேந்து அந்தச் சொல்லு மேலை எங்கை கிடக்கெண்டு தேடவேணும். தலையிலை பேன் பாக்கிற மாதிரித்தான். கண்டால் அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதிவிட்டால் சரி."

"'வை' எண்டு கேட்டால்?"

"'பிகோஸ்' எங்கை நிக்குதெண்டு பாப்பம்."

"'பிகோஸ்' இல்லாட்டி?"

"அடுத்த வரியை எழுதுவம். அனேகமாச் சரிவரும்."

"இதை முந்தின சேரோ சொல்லித் தந்தவர்?"

"இல்லை ரீச்சர்." அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "நாங்களாக் கண்டுபிடிச்சது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வியப்புத்தான் வந்தது. ஒரு மொழியை அறியாமலே அதில் நூறு வீதம் புள்ளி எடுக்கும் வழியை ஒரு கூட்டம் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாலு வருசம் ஆங்கிலம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

3. புளோங்க் பிறந்த கதை

இருந்தாலும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை. அன்று பின்னேரமே ஒரு பந்தி எழுதினேன். அதில் அரைவாசிச் சொற்கள் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாதவை. மறுநாள் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

"எ புளோங்க் வொஸ் விரிபிங் இன் த சோமில். இற் வொஸ் வெரி ட்ரஸ்கி பிகோஸ் த குமேட் ஹாட் ஸ்பினாக்ட்."

இப்படியே எட்டு வரி. கீழே பத்துக் கேள்வி. புளோங்க் எங்கே விரிபிக்கொண்டிருந்தது? ஏன் அவ்வளவு ட்ரஸ்கியாக இருந்தது?

பதினேழு பேருக்கும் பத்துக்குப் பத்து. இந்த முறை தர்மு முற்றுப்புள்ளியையும் விடவில்லை.

"தர்மு, குமேட் எண்டால் என்ன?"

"தெரியாது ரீச்சர். ஆனால் அது ஸ்பினாக்ட் பண்ணினபடியாலைதான் இவ்வளவு பிரச்சினையும்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார். வேட்டி, கோட்டு, கையில் எப்போதும் ஒரு பிரம்பு. அடித்து யாரும் கண்டதில்லை. கணிதத்திலும் சமயத்திலும் புலி. ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் அதன்மேல் அளவில்லாத மரியாதை. கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்து, பத்து, பத்து. கரும்பலகைக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசித்தார்.

"நல்ல தரமான இங்கிலிசு பிள்ளை. கொஞ்சம் கடினந்தான். எண்டாலும் பிள்ளையள் பிடிச்சிட்டுதுகள்."

"சேர், இந்தப் பந்திக்கு ஒரு அர்த்தமும் இல்லை."

"எல்லாப் பந்தியும் அப்பிடித்தான் பிள்ளை. சோதனைக்கு விடை வந்தாப் போதும்."

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் குறைவு என்பதால் இந்த ஆங்கில வகுப்பை மூடி, ஆசிரியரை நகரத்துக்கு மாற்றலாம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகளிடையே கதை அடிபட்டது. மூடினால் இந்தப் பதினேழு பேரும் ஆங்கிலத்துக்குப் பட்டணம் போக வேண்டும். வயல் வேலையை விட்டுவிட்டு ஒருவரும் போகப்போவதில்லை. அவர் அன்றைக்கே வித்தியாதரிசிக்கு எழுதிப்போட்டார்: எங்கள் ஆங்கில வகுப்பை நேரில் வந்து பார்க்கவும்.

வித்தியாதரிசி என்றால் பாடசாலைகளைச் சோதிக்க வரும் அதிகாரி. மூன்று கிழமையில் வருவதாகப் பதில் வந்தது. அன்றுதான் அவர் எனக்கும் விசயத்தைச் சொன்னார்.

4. மணி

மூன்று கிழமைக்குள் பதினேழு பேரையும் உண்மையாக வாசிக்கச் செய்ய வேண்டும். வாசித்தால் ஏதாவது நடக்க வேண்டும் என்று யோசித்தேன். ஆளுக்கொரு துண்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் உள்ளபடி செய்ய வேண்டும். ஒருத்திக்கு "யன்னலைத் திற". ஒருவனுக்கு "இராசமலரிடம் அவளது பென்சிலைத் தவிர மற்றதெல்லாம் வாங்கு". அவன் பென்சிலை மட்டும் வாங்கி வந்தான். தர்முவுக்குக் கிடைத்த துண்டு இது: "கோ ரு த பெல். டூ நொட் ரிங் இற் அன்ரில் ஐ வேவ் மை ஹாண்ட்." மணி இருக்கும் இடத்துக்குப் போ, நான் கை காட்டும்வரை அடிக்காதே.

எங்கள் மணி, வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. தர்மு நேரே போனான். இரும்புக் கம்பியை எடுத்தான். அடித்தான். விட்டு விட்டு அடித்தால் பாடம் மாறுகிறது, விடாமல் அடித்தால் பள்ளிக்கூடம் விட்டது. அவன் விடவில்லை.

அப்போது காலை பத்தரை மணி. நான் வாசலுக்கு ஓடிவருவதற்குள் கீழ் வகுப்புகள் வாய்க்கால் கட்டால் ஓடி மறைந்துவிட்டன. தலைமை ஆசிரியர் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். முற்றத்தில் புழுதி மட்டும் இருந்தது.

வயலில் நின்ற ஒருவர் சாவு மணி என்று நினைத்து, மண்வெட்டியோடு வந்து பவ்வியமாகக் கேட்டார். "மாஸ்ரர், ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் மோசம் போகேல்லை," என்றார் தலைமை ஆசிரியர். என்னைப் பார்த்து, "இன்னும்" என்றார்.

அன்று மத்தியானம்வரை நானும் தர்முவும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். போகிற வழியில் கேட்டேன்.

"துண்டிலை என்ன கிடந்தது தர்மு?"

"'ரிங்' எண்டும் 'பெல்' எண்டும் கிடந்தது ரீச்சர்."

"அதுக்கு முன்னாலை 'நொட்' எண்டு கிடக்கேல்லையோ?"

"கிடந்தது. அது சின்னச் சொல்லுத்தானே ரீச்சர். நாங்கள் சின்னச் சொல்லுகளைப் பாக்கிறேல்லை."

வெயிலில் நடு வாய்க்கால் கட்டில் நின்றுவிட்டேன். முழு நோயும் எங்கே என்று அந்த இடத்தில்தான் பிடிபட்டது.

அடுத்த நாள் தொடக்கம் பெரிய சொற்களை விட்டுவிட்டோம். நொட், அன்ரில், அன்லெஸ், ஒன்லி, எக்செப்ற், பிஃபோர். இவை வருகிற இடமெல்லாம் பென்சிலால் வட்டம். பேந்து கொப்பியை மூடிவிட்டு, வாசித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். கடைசியாக நான் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தப் பந்தியிலை சொல்லாத விசயம் என்ன?" முதல் கிழமை எல்லாருக்கும் பத்துக்கு மூன்று, நான்கு. தலைமை ஆசிரியர் கொப்பிகளைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

5. வித்தியாதரிசி

அவர் வந்த காலை நான் வகுப்புக்குள் போனதும் முதலில் கரும்பலகையைப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் விடியவே வந்து, என்னுடைய புளோங்க் பந்தியைத் தன் முத்து முத்தான எழுத்தில், மூன்று நிறச் சோக்கால் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். ஒரு பிள்ளையின் பழைய கொப்பியைப் பார்த்து எழுதினாராம். பத்துக்குப் பத்து வந்த பந்தி அதுதானே.

வித்தியாதரிசி மெலிந்த மனிதர். கரும்பலகையை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் வாசித்தார்.

"வட் இஸ் எ புளோங்க்?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இராசமலர் எழுந்தாள். "ப்ளீஸ் சேர், த பாசேஜ் டஸ் நொட் சே." பந்தியில் அது சொல்லப்படவில்லை.

"அப்ப என்னதான் சொல்லிக் கிடக்கு?" அவர் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

"அது சோமிலுக்குள்ளை நிண்டது சேர். ட்ரஸ்கியா இருந்தது. அதுக்குக் காரணம் குமேட். குமேட் ஆளோ மெசினோ எண்டு சொல்லேல்லை. ஆனால் அது செய்தது முதல், ட்ரஸ்கி வந்தது பிறகு. 'ஹாட்' எண்டு கிடக்கு சேர், சின்னச் சொல்லு."

வித்தியாதரிசி தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். வெளியே வந்து இளநீர் குடித்தார். போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உந்தப் பந்தியை எழுதினது ஆர்?"

"நான்தான் சேர்."

"ஐ சீ," என்றார். அவ்வளவுதான். அவர் என்னத்தைக் கண்டார் என்று நான் ஒரு மாதம் யோசித்தேன்.

6. பிரியாவிடை

ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய்விட்டுத் திங்கள் காலை பஸ்ஸால் வந்து இறங்கினேன். பாடசாலை வாசலில் வாழைக்குலை கட்டியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சில பெட்டைகள் அழுதார்கள். தலைமை ஆசிரியர் வந்து என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்.

"என்ன சேர் இது?"

"கந்தோரிலையிருந்து கடிதம் வந்திட்டுது பிள்ளை. வகுப்பை மூடச் சொல்லிப்போட்டாங்கள்."

என் பெட்டியை யாரோ வாங்கினார்கள். என்னை மண்டபத்துக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்கள். தலைமை ஆசிரியர் பேசத் தொடங்கினார். "இந்தப் பிள்ளை வந்த நாள் தொடக்கம் இந்தப் பள்ளிக்கூடத்திலை ஒரு நாள்கூட நிம்மதி இருந்ததில்லை," என்றார். "எண்டாலும் எங்கடை பிள்ளை." சொல்லிவிட்டுக் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். நானும் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்தப் பதினேழு பேரும் இனி ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தொடப்போவதில்லை என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

அப்போது தர்மு எழுந்து நின்றான். "சேர், அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிக்கலாமோ?"

"நான் வாசிச்சுப்போட்டன் தானே."

"நீங்கள் சொல்லுத் தேடியிருப்பியள் சேர்."

தலைமை ஆசிரியர் சிவந்த முகத்தோடு போய் அலுமாரியைத் திறந்து கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தா! 'நோ' எண்டு கிடக்கு. 'நொட்' எண்டும் கிடக்கு. இதுக்கு மேலை என்ன வேணும்?"

தர்மு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டு வட்டம் போட்டான்.

"டேய்! அரசாங்கக் கடிதத்திலை கீறாதை!"

அவன் கேட்கவில்லை. உதடு அசைய அசைய ஒவ்வொரு சொல்லாகப் போனான். "ஐ சீ நோ ரீசன் வை த இங்கிலிஷ் கிளாஸ் ஷுட் நொட் பி கண்டினியூட்." முடிந்ததும் இன்னொருமுறை தொடக்கத்திலிருந்து போனான். எனக்கு வாயைத் திறக்க வேண்டும் போல் இருந்தது, திறக்கவில்லை.

"சேர்," என்றான் கடைசியில், "இதிலை ரெண்டு 'இல்லை' கிடக்கு. வகுப்பை நடத்தாமல் விட ஒரு காரணமும் இல்லையாம். நடத்தச் சொல்லித்தான் எழுதியிருக்கினம்."

தலைமை ஆசிரியர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்பிடியெண்டால் நேரா எழுதியிருக்கலாம் தானே, பேய்ப்பயலுகள்!" என்று கத்திவிட்டு, என் கழுத்து மாலையைக் கழற்றித் தர்முவுக்குப் போட்டார். பாயாசம் காய்ச்சியாகிவிட்டதால் குடித்தோம். அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

அடுத்த வருடம் பதினேழு பேரில் பதின்மூன்று பேர் ஆங்கிலத்தில் சித்தியடைந்தார்கள். இராசமலர் பிறகு செட்டிகுளம் பக்கம் ஆசிரியையாகப் போனாள். தர்மு வயலோடுதான் இருந்தான். ஆனால் கொலனிக்கு ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அவனிடம்தான் போகும் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் படிப்பித்தேன். கொம்பிரிஹென்ஷன் பற்றிப் பல கருத்தரங்குகளில் பேசவும் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதத்தைக் கேட்காமல் அழுதவளும் நான்தான். இளம் ஆசிரியர்களே, உங்களைப் பற்றி எழுதிய கடிதம் என்றால் அதை உங்கள் கையால் வாங்கி இரண்டு தரம் வாசியுங்கள். அழுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.