முகம் வேண்டாம், சத்தம் மட்டும்

ஸ்டூடியோ வாசலில் ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் செருப்பில்லாமலும் அந்த அம்மா நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளே வரலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே நாங்கள் நாலைந்து பேர் சுவரில் பச்சைத் துணியை இழுத்துப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவள் தோளில் சாப்பாட்டுப் பை தொங்கியது. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். "டீச்சர், எனக்க மோளு பாடட்டும். அவளுக்கு நல்ல இஷ்டம் உண்டு. ஆனா வீடியோவில முகம் வேண்டாம். சத்தம் மட்டும் மதி" என்றாள். சரியம்மா, சத்தம் மட்டும் போதும் என்று நான் சொன்னேன். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. கீழே விழுந்த ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கேரள எல்லைக்குள், பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு பள்ளியில் நான் தமிழ் டீச்சர். ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேதியியல் லேப்பின் பழைய ஸ்டோர் அறை. சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டி, இரண்டு எல்.இ.டி. விளக்கும் ஒரு கேமராவும் ஒரு லேப்டாப்பும் வைத்திருந்தோம். அமிலத்தின் வாசனை மட்டும் போகவே இல்லை. ஸ்டூடியோ வந்த நாளிலிருந்து மலையாளப் பிரிவுப் பிள்ளைகள் மூன்று வீடியோ எடுத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஒன்றுகூட எடுக்கவில்லை. அந்த வருத்தம் பிள்ளைகளைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது. அதனால் ப்ளஸ் ஒன் பிள்ளைகளை உட்கார வைத்து நெய்யாற்றைப் பற்றி ஒரு பாட்டு எழுத வைத்தேன். 'ஆறு கேக்குது யாரு நீ, கரை மாறிப் போன நீரு நீ' என்று அதில் ஒரு வரி வரும். அதை எழுதியது அந்த அம்மாவின் மகள். பாடியதும் அவள்தான்.

அவளும் அம்மாவும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து கொல்லயிலில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா கல்ஃபில் இருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். இங்கே பாதி வீடுகளில் அப்பா கல்ஃபில்தான். தேவாலயச் சபையின் பாட்டுக் குழுவில்கூட அவளைச் சேர்க்க அம்மா சம்மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது, மகளை அடக்கி வளர்க்கிற அம்மா போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு சனிக்கிழமைகளில் படமெடுத்தோம். ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கதவைச் சாத்தினால் அறை அடுப்பங்கரைபோல் வெந்தது. அந்தப் பெண் மைக்கின் முன் நின்று பாடினாள். மூன்றாவது முறையில் பாட்டு சரியாக அமைந்துவிட்டது. அதற்கு வாயசைத்து நடிக்க இன்னொரு மாணவியைப் பச்சைத் துணிக்கு முன் நிறுத்தினோம். அழகான பிள்ளை, ஆனால் பாட்டின் மூச்சு அவளிடம் இல்லை. குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். பதினோரு முறை எடுத்தோம். அவள் அழுதுவிட்டாள். பாடிய பெண் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இங்கே மூச்சு எடு, இங்கே விடு என்று கையால் காட்டிக்கொண்டே தானும் கூடப் பாடினாள். அப்போது கேமரா வைத்திருந்த மாணவி விளையாட்டுப்போல அதை அவள் பக்கம் திருப்பினாள். நாலு நொடி. கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் வியர்வை. 'நீரு நீ' என்று முடிக்கும்போது தனக்குள்ளேயே சிரித்தாள்.

வீடியோவை லேப்டாப்பில் வெட்டி ஒட்டிய நாளில், அந்த நாலு நொடியைப் பாட்டின் கடைசியில் வைத்தது நான். பிள்ளைகள் யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை, "டீச்சர், அவளுக்க அம்மா வேண்டாம்னுல்லா சொன்னாவ" என்று நினைவுபடுத்தினாள்கூட. நாலு நொடிதானே மக்கா, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அந்த அம்மா சொன்னதை மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. அந்த முகம் இல்லாமல் என் வீடியோ பொய்யாக இருந்தது. என் வீடியோ. அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளியின் யூட்யூப் பக்கத்தில் ஏற்றினோம். பாராட்டு குவிந்தது. மலையாளப் பிரிவு ஆசிரியர்களே கைகொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பிரார்த்தனை மணி அடிக்கும் முன்னால் அந்த அம்மா வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை. "டீச்சர், அத இப்பமே எடுத்துக் களைய முடியுமா?" அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "போச்சு, இனி யாரும் பாக்க முடியாதும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நேத்து பஸ்ஸில ஒருத்தி போன்ல வச்சுப் பாத்துண்டு இருந்தா. எனக்க அடுத்த சீட்டுல ஆக்கும்." அப்போதுதான் சொன்னாள். புருஷன் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காது. ஒருநாள் அவன் மகள்மேலும் கைவைத்தான். மறுநாளே இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள். மாநிலம் மாறிவிட்டால் தேடமாட்டான் என்று நம்பியிருக்கிறாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் களியக்காவிளைக்கும் இந்தப் பக்கத்துப் பாறசாலைக்கும் இடையில் ஒரு சாயா குடிக்கிற தூரம்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. வாட்ஸ்அப்புக்கு ஏது செக்போஸ்ட்?

அடுத்த வாரம் அவன் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை. வாசலில் காவலாளியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மதிய இடைவேளை. வகுப்பு ஜன்னலிலிருந்து அந்தப் பெண் அவனைப் பார்த்திருக்கிறாள். நான் போகும்போது அவள் பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். அவளைக் கைப்பிடித்துத் தூக்கி, பின்படி வழியாக ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய்க் கதவைப் பூட்டினேன். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராத அறை அது. முதல்முறையாக அது எனக்குப் பயமாக இருந்தது. அவன் மாடிக்கு வருகிறானா, போய்விட்டானா, ஒன்றும் தெரியவில்லை. அவள் பச்சைத் துணிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டாள். துணி நடுங்குவது மட்டும் தெரிந்தது. "மக்கா, நான் இருக்கேன்" என்றேன். "டீச்சர், அம்மைக்கு போன் விளிச்சியளா? அம்ம இங்க வரப்பிடாது, சொல்லுங்க, வரப்பிடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிரின்சிப்பல் நல்ல மனிதர். முகவரியைக் கொடுக்கவில்லை, போலீசைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்து அவனிடம் பேசினார்கள். அவன் பணிவாகப் பதில் சொன்னான். பெற்ற தகப்பன், மகளைப் பார்க்க வந்திருக்கிறான், இதில் என்ன கேஸ் என்று போலீசார் எங்களிடமே கேட்டுவிட்டு, அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டுப் போனார்கள். நான் அம்மாவுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் அவள் வந்தாள். நாலு மணிக்கு, பின்கேட்டில், ஆட்டோவில். ஆட்டோவுக்குள் ஒரு பையும் ஒரு குக்கரும் இருந்தன. டி.சி. எழுதித் தரச் சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்று நான் அலுவலகத்துக்கு ஓடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "டி.சி. வேண்டாம் டீச்சர். அத வாங்கினா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்." டி.சி. இல்லாமல் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்களே என்றேன். "தெரியும்" என்றாள். மகள் ஆட்டோவில் ஏறியபின் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது கோபமா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவன் மறுபடியும் வந்தான். இம்முறை என்னைத்தான் தேடி வந்தான். பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டான். "டீச்சர்தானே அந்தப் பாட்டு எடுத்தது? நல்லா இருந்து. டீச்சர் இல்லேன்னா எனக்க மோளு உயிரோட இருக்காளான்னு நான் அறிஞ்சிருக்க மாட்டேன். ரொம்ப உபகாரம்." அவன் கண் கலங்கியிருந்தது. அவன் நடிக்கவில்லை என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. எனக்கு யாரும் அப்படி மனமார நன்றி சொன்னதில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டாள். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பள்ளி அலுவலகத்திலேயே இருந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். தபாலில் அனுப்புகிறேன் என்றேன். முகவரி சொல்ல மாட்டேன் என்றாள், மரியாதையாகவே. பிரின்சிப்பலிடம் உண்மையைச் சொல்லி, என் கையெழுத்தில் சான்றிதழை வாங்கினேன். கள்ளிக்காட்டில், நெய்யாறு அணைக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாப்பைச் சொல்லியிருந்தாள். அவள் அந்தப் பக்கம்தான் இருந்தாளா, என்னைக் குழப்புவதற்காக அங்கே வரச் சொன்னாளா, தெரியாது. நான் கேட்கவில்லை.

மாஸ்க் போட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சான்றிதழை உறையிலிருந்து எடுத்து, மார்க்கைப் பார்க்கவில்லை, மேலே இருந்த பெயர்களைப் பார்த்தாள். "இதில அவனுக்க பேரும் உண்டு. இத எங்க கொண்டு போனாலும் அவனும் கூட வருவான்" என்றாள். பையில் சேலைக்கு நடுவே மடிக்காமல் வைத்தாள். நான் ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். மறந்துபோய் வைக்கவில்லை, தெரிந்தேதான் வைத்தேன் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "மோளு அன்னைக்கே சொன்னா. அவ எத்தற தடவ போட்டுப் பாத்தா, தெரியுமா டீச்சர்? நானும் பாத்தேன். எனக்க பிள்ள இத்தற சந்தோசமா இருந்து நான் கண்டதில்ல." பையின் வாயை இழுத்து மூடினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் காரணம் சொல்லியிருப்பேன். அம்புட்டுத்தான்."

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஒரு கடையில் நிற்கிறாள், அடுத்த வருடம் ஓப்பன் ஸ்கூலில் பரீட்சை எழுத வைக்கப் பார்க்கிறேன், அதற்குத்தான் இந்தச் சான்றிதழ் என்றாள். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் தலையைத் திருப்பி, கேட்கும் காதை அந்தப் பக்கம் வைத்தாள். அவசரத்தில் நான் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். பாடுகிறாளா?

"இல்ல டீச்சர்" என்றாள், படியில் கால் வைத்துக்கொண்டே. "அடுத்த வீட்டுக்குக் கேக்குமில்லா."