பின்வாசல் படிக்கல்

ஈரச் சுண்ணாம்பின் மணம் எங்கேனும் வந்தால் என் கைகள் இன்றும் தாமாகவே கோட்டுப் பைக்குள் போய்விடுகின்றன. டென்மார்க்கில் நாங்கள் கழித்த முதற் குளிர்காலத்தின் மணம் அது. புழுங்கிய கம்பளி, வெங்காயம், மண்ணெண்ணெயில் எரிந்த வெப்பமூட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில், சுவரிலிருந்து ஓயாமல் கசிந்துகொண்டிருந்த பழஞ்சுண்ணாம்பின் குளிர்ந்த மணம் ஒன்று இருந்தது. பதினொரு வயதில் அதை நான் மரணத்தின் மணம் என்றே நம்பினேன். அவ்வாறு நம்புவதற்கு அந்த வீட்டில் காரணங்களும் இருந்தன.

சில்க்போர்க் நகருக்கு அப்பால், ஏரிகளையும் பீச் மரக்காட்டையும் கடந்து, அகழி சூழ நின்ற வெள்ளை மாளிகை அது. அதன் உரிமையாளர் சமையற்கட்டு இருந்த தென்பகுதியை மட்டும் அகதிகளுக்கென்று அரசுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மன்னார்த் தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த சில கத்தோலிக்கக் குடும்பங்கள், எங்களுக்கு இந்நாட்டில் இடமுண்டா இல்லையா என்ற முடிவுக்காக அங்கே காத்திருந்தோம். அப்பா, அம்மா, நான், ஆறு வயதுத் தங்கை றீற்றா. அம்மாவின் வயிற்றில் ஏழாம் மாதத்துப் பிள்ளை. முன்வாசலின் மண்டபத்தில் விலைமிக்க மரத்தளம் இருந்ததால் நாங்கள் பின்வாசலையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விடுதியைப் பொறுப்பாகப் பார்த்த கியர்ஸ்டன் என்ற பெண்மணி, அந்த ஒரு விதியைத் தவிர வேறெதிலும் எங்களிடம் கண்டிப்புக் காட்டியவரல்லர்.

அந்த வீட்டின் வரலாற்றை நான் அறிந்தது பிற்காலத்தில், பழங்கட்டடங்களை ஆராய்வதே என் தொழிலாகிவிட்ட பிறகு. அங்கே முதலில் நின்றது ஒரு துறவிமடம். அரசன் கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரின் சீர்திருத்தச் சமயத்துக்கு மாறியதும் மடத்து நிலங்கள் முடியாட்சிக்குப் போயின; முடியாட்சியிடமிருந்து ஒரு பிரபுவின் கைக்கு வந்தன. அவருக்குத் தேவைப்பட்டது கோவில் அன்று, செங்கல். வடக்கே நின்ற கோவிலை மேலிருந்து கீழாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி எடுத்து, அதே கற்களால் மாளிகையின் இரு பக்கக் கட்டடங்களை எழுப்பினார்கள். தெற்கே துறவிகள் உண்ட கூடமும் அடுக்களையும் மட்டும் இடிபடாமல் தப்பின, பிரபுவின் வேலையாட்களும் சாப்பிட்டாக வேண்டுமே. அந்த அடுக்களையின் வளைகூரைக்குக் கீழேதான் எங்கள் அம்மாமார் சோறு வடித்தார்கள். இக்காலச் செங்கல்லைவிட ஏறத்தாழ இருமடங்கு பெரிய அந்தக் கற்களை டேனியர் இன்றும் "துறவிக்கல்" என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் அவை சிவப்பாகத் தெரியும். அடைக்கப்பட்ட கூர்வளைவு ஒன்று எங்கள் அறைச் சுவரில் வடுப்போலப் புடைத்து நின்றது.

ஆனால் அன்று எனக்கு வரலாறு தெரியாது. அச்சம் மட்டுமே தெரியும். வளைகூரை ஒலியைப் பெருக்கும். பனிக்காலணியுடன் ஒருவர் உள்ளே வந்தால் பத்துப் பேர் வருவதுபோல் கேட்கும். எங்கள் ஊரில் இராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்வேலியால் பாய்ந்து ஓடிய காலத்திலிருந்து நாங்கள் வந்திருந்தோம். கியர்ஸ்டன் காலையில் கதவைத் திறந்து உள்ளே நடந்து வரும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிடும். பிறகு அவர் ஒன்றும் நடவாததுபோல் குடிப்பார்.

தை மாதத்தில் ஒரு நாள் திடீரென்று மழை பெய்து பனி கரைந்தது. பின்வாசலில் மிதிபட்டுக் கிடந்த சேறு கழுவப்பட்டு, படியாகக் கிடந்த அகன்ற கற்பலகை முதன்முறையாக வெளுத்துத் தெரிந்தது. அப்பா அதன் முன் குந்தினார், நெடுநேரம் எழும்பவில்லை. ஊரில் எங்கள் சிற்றாலயத்தைப் பராமரித்தவர் அவர். பீடத்துணியை மாற்றும்போது கீழேயிருக்கும் கல்லைக் கண்டவர். நான்கு மூலைகளிலும் நடுவிலும் மறைமாவட்ட ஆயர் எண்ணெய் பூசிய ஐந்து சிலுவைகளை அறிந்தவர். இந்தப் படிக்கல்லிலும் நான்கு மூலைகளில் நான்கு சிலுவைகள் இருந்தன. நடுவில் கால்பட்டுத் தேய்ந்த ஒரு பள்ளம். அதற்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்த அப்பா, "இஞ்சயும் ஒண்டு இருக்கு" என்றார். "இது பீடக்கல்லு. இதுக்கு மேலதான் பூசை வைச்சிருக்கினம்."

பின்வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"நாங்கள் வந்த நாள் தொடக்கம் இதில சப்பாத்துத் துடைக்கிறம்" என்று அம்மா மெதுவாகச் சொன்னா.

"தெரியாமத்தானே மிதிச்சனாங்கள்" என்றார் அந்தோனி அண்ணை. பேசாலையில் கடற்றொழில் செய்தவர், தனிமனிதர், எதையும் பகிடியாக்கக் கூடியவர். "இனித் தெரியும். அப்ப என்ன, பறந்தே போறது?"

"உமக்கு எல்லாம் பகிடி" என்றா அம்மா.

"இல்லை அக்கா, நான் பறப்பன். உங்கடை மனுசனைத்தான் யோசிக்கிறன், அந்த வண்டி வயித்தோட."

சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் கல்லில் கால் வைக்கவில்லை. அப்பா தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கியர்ஸ்டனிடம் முன்வாசலால் போக அனுமதி கேட்டார். அவர் வந்து பார்த்தார், அக்கறையோடுதான் பார்த்தார். மூலைகளில் இருப்பவை கொத்தர்கள் இட்ட அடையாளங்களாக இருக்கலாம், நடுவில் இருப்பது வெறும் தேய்மானம், இந்தக் கல் பரம்பரை பரம்பரையாக இங்கேதான் கிடக்கிறது, எல்லோரும் இதில் நடந்துதான் போயிருக்கிறார்கள் என்றார். அப்பா மொழிபெயர்த்துச் சொன்னதும், "அதுதான் இந்த வீடு இப்பிடிக் குளிருது" என்றா அம்மா. அதை அப்பா மொழிபெயர்க்கவில்லை.

மீண்டும் கேட்கலாம் என்று ஒரு பெண் சொன்னபோது அப்பாவின் முகம் மாறியது. "இனிக் கேக்காதேங்கோ. முரண்டு பிடிக்கிற ஆக்கள் எண்டு மேலிடத்துக்குச் சொல்லிப்போடுவினம். பிறகு எல்லாரையும் ஏத்தி அனுப்பினா ஆர் பொறுப்பு?" அந்த அச்சம் எல்லோருடையதும் ஆதலால், முடிவும் எல்லோருடையதும் ஆனது: கேட்பதில்லை, மிதிப்பதுமில்லை. கல்லைத் தாண்டிக் கடப்போம்.

பெரியவர்களுக்கு அகலமாக ஓர் எட்டு வைத்தால் போதும். எங்களுக்கு ஒரு பாய்ச்சல். சிலர் குனிந்து கல்லைத் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டு தாண்டினார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் அதை விளையாட்டாக்கிக்கொண்டோம். அம்மா, சேலைக்குள் கம்பளிக் காற்சட்டையும் அதற்கு மேல் அப்பாவின் கோட்டும் அணிந்து, கதவு நிலையைப் பிடித்தபடி, கனத்த வயிற்றோடு ஒரு காலைத் தூக்கி அப்பால் வைத்து, சற்று நின்று, மறுகாலை எடுப்பா. அந்த இடைநேரத்தில் நான் மூச்சு விடுவதில்லை.

குளிர் திரும்பி வந்தது. கரைந்த நீரெல்லாம் முற்றத்தில் கண்ணாடியாக உறைந்தது. ஒரு பிற்பகலில் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போன அம்மா கல்லுக்கு அப்பால் காலை வைத்தா. அந்தக் கால் வழுக்கி அவவுக்கு முன்னே போய்விட்டது. விழுந்தது பெரிய சத்தமில்லை. பிறகு அவ எங்களைக் கூப்பிட்ட குரல்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது: பெயர் சொல்லாமல், "பிள்ளையள், பிள்ளையள்" என்று, சத்தம் போடுவதற்கு வெட்கப்படுகிறவர் போல. சேலையின் கீழ்ப்பகுதி நனைந்து கறுத்திருந்தது. அவ முழுவுடலும் கல்லுக்கு வெளியே கிடந்தா. விழும்போதுகூட அதன் மேல் கைவைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. நான்கு மணிக்கே இருட்டிவிடும் பருவம். அடுக்களையில் பெண்கள் செபமாலையைத் தொடங்கினார்கள். கியர்ஸ்டன் தொலைபேசிக்கு அருகில் அமர்ந்திருந்தார். மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன பொருள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. றீற்றா என் கையைப் பிடித்திருந்தாள். மிதித்ததற்காகத் தண்டனை வருகிறதென்றால், மிதிக்காமல் விட்ட அம்மாவுக்கு ஏன் வந்தது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதை வாய்விட்டுக் கேட்டால் அங்கே அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, அதை நினையாதிருக்க முயன்றேன்.

அப்போது அந்தோனி அண்ணை எழுந்தார். முழங்கால்வரை வரும் சப்பாத்தை இழுத்து மாட்டினார், கதவைத் திறந்தார், அந்தக் கல்லின் நடுவில் இரு கால்களையும் ஊன்றி ஏறி நின்றார்.

"ஐயோ, இறங்கும்! அந்தோனி, இறங்கும்! இந்த நேரத்தில என்ன விசர் வேலை!"

அவர் திரும்பவில்லை. இருண்ட முற்றத்தை நோக்கி, கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடும் குரலில் சொன்னார்: "இஞ்ச பாரும் ஆண்டவரே, மிதிக்கிறவன் நான். கோவமெண்டா என்னோட கோவியும். அது பாவம், உமக்குப் பயந்து தாண்டின மனிசி."

பெண்கள் செபத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார், அவர் அசையவில்லை. குளிரில் அவருடைய பற்கள் கிடுகிடுத்த சத்தம் வளைகூரைக்குள் கேட்டது. கியர்ஸ்டன் கதவருகே வந்து பார்த்தார். ஒன்றும் விளங்காமல், ஒரு கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போட்டார். அவர் அதையும் கவனிக்கவில்லை. அவர் மீது ஏதோ இறங்கும் என்று காத்து நின்றோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை; என் அச்சத்தின் ஒரு பகுதி, அது அவர் மீதே இறங்கட்டும் என்று நான் விரும்பியதைப் பற்றியது.

தொலைபேசி அடித்தது. கியர்ஸ்டன் கேட்டார், கேட்டார், பிறகு இரு கைகளையும் ஒரு ரொட்டிப் பாணின் நீளத்துக்கு அகட்டிக் காட்டி, "போய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆண் பிள்ளை. மீதியைச் சைகையால் விளக்கினார்: கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சு விடுகிறான், தாய்க்கு ஆபத்தில்லை. அந்தோனி அண்ணை கல்லை விட்டு இறங்கி, வாசலிலேயே இருந்து, சப்பாத்தைக் கழற்ற முடியாமல் விரல்கள் விறைத்து அழுதார்.

தம்பிக்கு யூட் என்று பெயரிட்டோம். திருமுழுக்கில் அந்தோனி அண்ணையே ஞானத்தகப்பன். எங்களுக்கு இந்நாட்டில் இருக்க அனுமதி கிடைத்து, சில்க்போர்க்கில் ஒரு மாடிவீட்டுக்குப் போனோம். யூட் உயரமாக வளர்ந்தான், மின்வேலை படித்தான், அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொன்னான். அவனுக்கு ஒரு சளித் தடிமன் வந்தாலும் அம்மா அன்றிரவு படுக்கமாட்டா. கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரவல் வாங்கி வந்த பிள்ளையைப் போல அவனை வளர்த்தா. அப்பா காலமான பிறகு அவனுக்கும் அவவுக்கும் இடையில் நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு என்று ஏற்பாடு இருந்தது. சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அழைப்பு வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில், வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, இருந்தபடியே இறந்திருந்தான். இதயம் என்றார்கள். குறைமாதப் பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து வந்த அந்தோனி அண்ணை, நடக்க முடியாத முழங்கால்களோடு, சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிப்பேன் என்று அடம்பிடித்தார், பிடிக்கவிட்டோம்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் அம்மா என்னைக் கேட்டா: "நீ உந்தப் பழங்கட்டடங்களைப் பற்றித்தானே படிச்சனி. அந்தக் கல்லு பீடக்கல்லுதானோ?"

நான் மாளிகைக்குப் போனேன். அது இப்போது கூட்டங்களும் திருமண விருந்துகளும் நடக்கும் விடுதி. முன்வாசலால் என்னை வரவேற்று உள்ளே அழைத்துப் போனார்கள். வளைகூரைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசைகள். சுவர்களை உலர்த்திப் புதிதாகப் பூசியிருந்தார்கள். அந்த மணம் இல்லை. பின்வாசலில் சக்கர நாற்காலிகள் ஏறுவதற்காகச் சிமெந்துச் சரிவு போடப்பட்டிருந்தது. பழைய படிக்கல்லை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பொறுப்பாயிருந்த இளைஞருக்கு அப்படியொரு கல் இருந்ததே தெரியவில்லை. வேலை எடுத்த நிறுவனமும் இப்போது இல்லை என்றார். பழைய அளவைப் படங்கள் முழுவதையும் பார்த்தேன். சுவர்களின் தடிப்பும் வளைவுகளின் இடமும் வரைந்தவர்கள் படியை ஒரு கோடாகவே வரைந்திருக்கிறார்கள். கோவில் இடிபட்ட இடங்களில் பீடக்கற்கள் வாசற்படியாக இடப்பட்டதுண்டு, அகலமும் பொருந்தும். ஆனால் மூலைச் சிலுவைகளைப் பிற்காலத்தவர் பேய்க்குப் பயந்து வெட்டியிருக்கவும் கூடும். நடுவில் இருந்த அந்தப் பள்ளத்துக்குள் ஐந்தாவது சிலுவை இருந்ததா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அதற்குள் விரல் வைத்துப் பார்த்தவர் அப்பா ஒருவரே. ஆய்வறிக்கை ஒன்றில் இதை எழுத நேர்ந்தால், தீர்மானிக்க இயலாது என்ற சொற்களைத் தவிர வேறெதையும் எழுதமாட்டேன்.

அம்மா சமையலறை மேசையில் எனக்காகத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தா.

"ஓம் அம்மா" என்றேன். "பீடக்கல்லுத்தான்."

அவ தலையாட்டினா.

"நான் மிதிக்கேல்லைத்தானே" என்றா.

"இல்லை அம்மா. ஒருக்காலும் மிதிக்கேல்லை."

"அப்ப ஏனடா?"

பதினொரு வயதில் நான் கேட்கப் பயந்த கேள்வி அது. அவ அதைப் பயமில்லாமல் கேட்டா, என்னைப் பார்த்து, படித்தவனிடம் கேட்பது போல. பிறகு கோப்பையை என் பக்கம் சற்று நகர்த்தி, "ஆறப்போகுது, குடி" என்றா.